சுரங்கத்தின் வெளிவரிசைக் குழிகள்: எந்த வெடிமுறை, எந்த இடத்துக்கு?

நன்றாக வெடித்த சுரங்கச் சுவரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். துளைத்த குழியின் பாதி அப்படியே பாறையில் தங்கியிருக்கும். ஒரு குழாயை நீளவாக்கில் பிளந்து பதித்துவைத்ததுபோல, 45 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பள்ளம், கிட்டத்தட்ட மூன்று மீட்டர் நீளத்துக்கு ஓடும். கட்டைவிரலை அதில் வைத்து இழுத்தால் தடங்கல் இல்லாமல் போகும். இரண்டடி தள்ளி அடுத்த பள்ளம். சைட்டில் இதை ‘ஹாஃப் காஸ்ட்’ என்போம்; இங்கே அரைத்தடம் என்று எழுதுகிறேன். மோசமாக வெடித்த சுவரில் அரைத்தடமே இருக்காது. உடைந்த பல்வரிசைபோல் முனை முனையாகப் பாறை நிற்கும், கம்பியால் தட்டினால் தொப்பென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் உள்ளே கல் பிடிப்பு விட்டுப்போச்சு என்று அர்த்தம். அதற்குக் கீழே நின்றுதான் அடுத்த ஷிப்டு ஆட்கள் வெடிமருந்து ஏற்றப் போகிறார்கள்.

இந்த இரண்டு சுவருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை உண்டாக்குவது வெளிவரிசைக் குழிகள், அதாவது சுரங்கத்தின் வடிவத்தை ஒட்டிப் போகும் கடைசி வரிசை. அதை வெடிக்க மூன்று நான்கு வழிகள் உண்டு. எதை எடுப்பது என்ற கேள்வி ஒவ்வொரு வேலையிலும் வரும். பாடப்புத்தகங்கள் எல்லா முறைகளையும் ஒரே வரிசையில் நிறுத்திக் காட்டுவதால், கடையில் பொருள் எடுப்பதுபோல எடுத்துக்கொள்ளலாம் என்று இளம் பொறியாளர்கள் நினைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முறைக்கும் பொருந்தும் இடம் வேறு. அதைத்தான் இங்கே பேசப்போகிறேன்.

பேச ஒரு கணக்கு வேண்டும். பத்து மீட்டர் அகலச் சாலைச் சுரங்கம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் இரண்டு மீட்டர் நேர்ச்சுவர், மேலே அரைவட்ட வளைவு. தரையை விட்டுவிட்டால் சுற்றளவு ஏறக்குறைய 20 மீட்டர். ஒரு வெடிக்கு 3.3 மீட்டர் ஆழம் துளைத்து 3 மீட்டர் முன்னேற்றம். குழி 45 மி.மீ. பாறை சார்னோகைட். நம் ஊர் ஆட்களுக்குப் பழகிய பாறை அது. நீலகிரியிலும் தேனி மலைகளிலும் பல்லாவரத்திலும் கிடக்கிற அதே கறுநீலக் கல். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்துப் பாறை என்று கண்டு, 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தப் பெயரையே இதற்கு வைத்தார். கெட்டியான, இறுகிய பாறை. ரோடுஹெடர் எந்திரத்தை வைத்துச் சுரண்டிவிடலாம் என்று யாராவது சொன்னால், பற்கள் தேயும் செலவை முதலில் கேளுங்கள். இந்தப் பாறைக்கு நடைமுறையில் துளைத்து வெடிப்பதுதான் வழி. இல்லையென்றால் முழு டன்னல் போரிங் மெஷின். சில நூறு மீட்டர் வேலைக்கு அந்த மெஷின் கட்டுபடியாகாது.

முதலில், இதில் என்ன பணம் அடங்கியிருக்கிறது என்று பார்த்துவிடலாம். வரைபடத்தில் இருக்கும் கோட்டைத் தாண்டிப் பாறை விழுவதை ஓவர்பிரேக் என்கிறோம். நம் சுரங்கத்தில் சராசரியாக 10 செ.மீ. ஓவர்பிரேக் கூடினால் ஒரு கிலோமீட்டருக்கு 2,000 கனமீட்டர் பாறை அதிகம் வருகிறது. அதை அள்ளி வெளியே கொண்டுபோக வேண்டும். அப்புறம் அதே 2,000 கனமீட்டரை ஷாட்கிரீட்டோ (பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்) சாதாரண கான்கிரீட்டோ போட்டு நிரப்ப வேண்டும். ஆறு கனமீட்டர் டிரான்சிட் மிக்சர் என்றால் 330 லோடுக்கு மேல். ஒப்பந்தத்தில் ‘பே லைன்’ என்று ஒரு கோடு இருக்கும்; அதற்கு வெளியே நிரப்புகிற ஒவ்வொரு லோடும் கான்டிராக்டரின் கைக்காசு. ஆக, வெளிவரிசையில் நாலு குழி கூடுதலாகப் போடுவது வீண்செலவு என்று சொல்லும் மேனேஜரிடம் இந்த ஒரு கணக்கைக் காட்டினால் போதும்.

வரிசையாகக் குழி மட்டும்: லைன் டிரில்லிங்

எல்லாவற்றிலும் பழைய யோசனை இது. கோட்டின் மேல் நெருக்கமாகக் குழி போட வேண்டும், குழி விட்டத்தைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு இடைவெளியில். அந்தக் குழிகளில் மருந்து கிடையாது. தபால்தலைத் தாளில் இருக்கும் ஓட்டைவரிசைபோல, உள்ளே வெடிக்கும்போது பாறை அந்தக் கோட்டோடு கிழிந்து நிற்கும் என்பது எதிர்பார்ப்பு.

நம் 20 மீட்டர் சுற்றளவுக்கு 15 செ.மீ. இடைவெளி வைத்தால் 134 குழி. முழு முகப்புக்கும், அதாவது தோண்டிக்கொண்டிருக்கும் முனைச் சுவர் முழுக்கவும், சேர்த்தே சாதாரணமாக நூற்றுச் சொச்சம் குழிதான் போடுவோம். அதாவது துளைக்கும் வேலை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது. குழி துளைக்கவும் பூமை (எந்திரத்தின் கையை) நகர்த்தவும் சேர்த்து மூன்று நிமிடம், ஜம்போ என்ற துளைக்கும் எந்திரத்துக்கு இரண்டு பூம் என்று கணக்குப் போட்டாலும், பின்னால் வரும் ஸ்மூத் பிளாஸ்டிங் முறையைவிட நூறு குழி அதிகம் என்பது ஒவ்வொரு வெடிக்கும் இரண்டரை மணி நேரம். ஒரு நாளைக்கு இரண்டு வெடி அடிக்கும் முகப்பில் இது தாங்காது. தவிர, பாறையில் ஜாயின்ட், அதாவது இயற்கையாகவே இருக்கும் பிளவு, சாய்ந்து ஓடினால் கிழிசல் குழிவரிசையை விட்டுவிட்டு ஜாயின்ட்டோடு போய்விடும்.

இதற்காக இதை ஒதுக்கிவிடவும் முடியாது. ஏற்கெனவே கட்டிய கான்கிரீட் தூணுக்கு ஒட்டி, அல்லது இரண்டு சுரங்கம் சேரும் மூக்குப் பாறையில், நாலைந்து மீட்டர் நீளத்துக்கு இதைவிடப் பத்திரமான வழி இல்லை. அந்த இடத்தில் இரண்டரை மணி நேரம் பெரிய விஷயம் இல்லை.

முதலிலேயே பிளந்துவிடுவது: பிரீ-ஸ்பிளிட்

1950-களின் கடைசியில் அமெரிக்காவில் நயாகரா மின் திட்டத்துக்காகப் பாறை வெட்டியபோது இந்த முறை பெயர் வாங்கியது. வெளிவரிசைக் குழிகளில் லேசாக மருந்து வைத்து, உள்ளே இருக்கும் எதையும் தொடுவதற்கு முன்னால் அவற்றை மட்டும் ஒரே நேரத்தில் வெடிக்க வேண்டும். குழிக்குக் குழி விரிசல் ஓடிச் சேர்ந்து ஒரே பிளவாகும். அதற்குப் பிறகு உள்ளே எவ்வளவு பலமாக வெடித்தாலும் அந்தப் பிளவைத் தாண்டி வாயுவும் விரிசலும் சுலபமாகப் போகாது.

மேற்பரப்பு வேலைகளில் இதன் அழகை நேரில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். சுரங்கத்தின் வாசலுக்கு மலையை வெட்டும்போது, நேராகச் சரிந்து இறங்கும் முழுச் சுவரிலும் தலையிலிருந்து பாதம்வரை அரைத்தடம் வரிவரியாக நிற்கும். அந்த வேலைக்கு நான் வேறு எதையும் பரிந்துரைக்கமாட்டேன்.

சுரங்கத்துக்குள் போனதும் கதை மாறுகிறது. காரணம் பாறையின் இறுக்கம். மேற்பரப்பில் வெட்டும்போது பாறை ஒரு பக்கம் திறந்திருக்கிறது. பிளவு விரிய இடம் உண்டு. மலைக்கு 500 மீட்டர் கீழே போனால் மேலிருக்கும் பாறையின் எடை மட்டுமே சதுர செ.மீ.-க்கு 130 கிலோவுக்கு மேல் அழுத்துகிறது. பக்கவாட்டு அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். எல்லாப் பக்கமும் அழுந்திக் கிடக்கும் பாறையில், மீட்டருக்கு 180 கிராம் மருந்து தள்ளும் விரிசல் அந்த அழுத்தத்தை மீறித் திறந்தாக வேண்டும். அதற்காக இடைவெளியைக் குறைக்க வேண்டும். குழி விட்டத்தைப்போல் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு என்பது வழக்கம். நம் கணக்கில் 45 செ.மீ. என்றால் 45 குழி. ஸ்மூத் பிளாஸ்டிங்குக்கு 34 போதும். இவ்வளவும் செய்து பிளவு ஒழுங்காக ஓடும் என்ற உறுதியும் இல்லை. இன்னொரு சங்கடம் அதிர்வு. பாறை முன்னால் தள்ளிப்போக எந்த இடமும் இல்லாமல், முழுக்க அடைபட்ட இடத்தில் வெடிப்பதால் அதே எடை மருந்துக்கு அதிர்வு அதிகம் வரும்.

ஆகவே சுரங்க முகப்பில் பிரீ-ஸ்பிளிட் வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் பெரிய குகை வெட்டும்போது திரும்ப வரும். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்காகத் திட்டமிட்ட குகையின் அளவு 132 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம், 20 மீட்டர் உயரம். அத்தனை பெரிய இடத்தை ஒரே மூச்சில் யாரும் வெட்டமாட்டார்கள். முதலில் கூரைப் பகுதியை வெட்டி போல்ட் அடித்துப் பிடித்துக்கொண்டு, அப்புறம் படிப்படியாகக் கீழே இறங்குவார்கள். அந்தப் படிகளை வெட்டும்போது மேலே திறந்த வெளி இருக்கிறது, குழியும் நேர்செங்குத்தாகப் போகிறது. அங்கே பக்கச் சுவருக்கு பிரீ-ஸ்பிளிட் நன்றாகப் பொருந்தும்.

கடைசியில் மெல்ல உரிப்பது: ஸ்மூத் பிளாஸ்டிங்

இது 1950-களில் ஸ்வீடனில் வளர்ந்த முறை. பிரீ-ஸ்பிளிட்டைத் தலைகீழாகத் திருப்பிவைத்தது போல. முகப்பின் நடுவில் ‘கட்’ குழிகள் முதலில் வெடிக்கும், அதைச் சுற்றியவை அடுத்து, வெளிவரிசை எல்லாவற்றுக்கும் கடைசி. அந்த நேரத்தில் உள்ளே பாறை போய்விட்டது. வெளிவரிசைக்கு முன்னால் இருப்பது முக்கால் மீட்டர் கனத்தில் ஒரு தோல் மட்டும். அதை உரிக்க மருந்து கொஞ்சம் போதும். பாறையின் அழுத்தமும் இப்போது நமக்குச் சாதகம். உள்பக்கம் திறந்துவிட்டதால் அழுத்தம் சுரங்கச் சுவரை ஒட்டியே சுற்றி ஓடும், விரிசலும் அந்தத் திசையிலேயே ஓட விரும்பும். பிரீ-ஸ்பிளிட்டை எதிர்த்த அதே மலை இங்கே உதவிக்கு வருகிறது. ஆழமான சுரங்கத்தில் இந்த ஒரு காரணமே போதும் எனக்கு.

அளவுகள் ரொம்பச் சிக்கல் இல்லை. இடைவெளி குழி விட்டத்தைப்போல் பதினைந்து மடங்குக்குக் கொஞ்சம் கீழே, 60 செ.மீ. என்று வையுங்கள். பர்டன், அதாவது உரிக்க வேண்டிய தோலின் கனம், இடைவெளியைவிடக் கொஞ்சம் அதிகம், 75 செ.மீ. மருந்து மீட்டருக்கு 180 கிராம் அளவில். நம்மூர் சைட்டில் ஸ்வீடன்காரர்களின் மெல்லிய குழாய் மருந்து எப்போதும் கிடைக்காது. அதற்கு நம் ஆட்கள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. மூங்கிலைப் பிளந்து மூன்று மீட்டர் பிளாச்சு எடுப்பார்கள். அதன்மேல் டி.எஃப். கயிற்றை (நீளம் முழுக்க வெடிக்கும் கயிறு) நீளமாகப் படுக்கவைத்து, 25 மி.மீ. வெடிமருந்துத் தோட்டாக்களை 70 செ.மீ.-க்கு ஒன்றாக டேப் சுற்றிக் கட்டுவார்கள். தோட்டா 125 கிராம். 70 செ.மீ.-க்கு 125 என்றால் மீட்டருக்கு 180 கிராம் சரியாக வந்துவிடுகிறது. அடியில் மட்டும் இரண்டு தோட்டா சேர்த்து. பிளாச்சு குழிக்குள் போகும்போது தோட்டாவைப் பாறைச் சுவரில் ஒட்டவிடாமல் நடுவாக்கில் பிடித்துக்கொள்ளும். தோட்டாவைச் சுற்றி இருக்கும் காற்றுதான் மெத்தை. அதிர்ச்சி நேராகப் பாறையில் அடிக்காமல் தணிந்து போகிறது.

அந்த மெத்தையைக் கெடுப்பது தண்ணீர். தெற்கு ஸ்வீடனின் வோங்கா என்ற கிரானைட் குவாரியில் இதைத் தெளிவாகப் பார்த்தார்கள். வெடித்த சுவருக்குப் பின்னால் இருக்கும் பாறையை ரம்பத்தால் அறுத்து எடுத்து, அறுத்த முகத்தில் சாயம் பூசி, குழிக்குப் பின்னால் எவ்வளவு தூரம் விரிசல் ஓடியிருக்கிறது என்று ஒவ்வொன்றாக அளந்தார்கள். குழியில் தண்ணீர் நின்றால் விரிசல் நீளம் கூடியது. குழிகள் ஒரே நேரத்தில் வெடித்தால் குறைந்தது. வெளியே பார்த்தால் அரைத்தடம் அழகாகத் தெரியும் சுவருக்கும் உள்ளே விரிசல் இருக்கலாம் என்பதை அந்த அறுத்த கற்கள் காட்டின. ஆகவே மருந்து ஏற்றும் முன் குழிக்குள் காற்றடித்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஐந்து நிமிட வேலை, தள்ளிப்போடாதீர்கள்.

‘ஒரே நேரத்தில்’ என்ற நிபந்தனை

ஸ்மூத் பிளாஸ்டிங் என்று முடிவெடுத்தபிறகு அடுத்த கேள்வி கேப், அதாவது மருந்தை வெடிக்கவைக்கும் டெட்டனேட்டர், பற்றியது. பக்கத்துப் பக்கத்துக் குழிகள் ஒரு மில்லிசெகண்டுக்குள் சேர்ந்து வெடித்தால்தான் விரிசல் குழியிலிருந்து குழிக்குப் போகும். கொஞ்ச நேரம் தள்ளி வெடித்தால் ஒவ்வொரு குழியும் தனித்தனியாக எல்லாத் திசையிலும் பாறையைக் குத்தும்.

சாதாரண நோனெல் (மின்சாரம் இல்லாமல் தூண்டும்) நீள்தாமத கேப்பில் வெளிவரிசைக்குக் கொடுக்கும் கடைசி எண் ஐந்தாறு செகண்டுக்குப் பிறகு வரும். அந்தத் தாமதத்தை உண்டாக்குவது கேப்புக்குள் எரியும் ஒரு மருந்துத் துண்டு. ஆறு செகண்டில் ஒரு சதவீதம் பிசகினாலே 60 மில்லிசெகண்ட். ‘எல்லாம் ஒரே நம்பர் கேப்தானே சார்’ என்று சொல்வார்கள். நம்பர் ஒன்றுதான், நேரம் ஒன்றில்லை.

டி.எஃப். கயிறு செகண்டுக்கு ஏறத்தாழ ஏழாயிரம் மீட்டர் வேகத்தில் வெடித்துக்கொண்டு போகும். 20 மீட்டர் சுற்றளவை மூன்று மில்லிசெகண்டில் கடந்துவிடும். அப்படியானால் வெளிவரிசை முழுவதையும் முகப்பில் ஒரே கயிற்றால் இணைத்துவிடலாமே என்று தோன்றும். முகப்பை ஒரே தடவையில் வெடிக்கும்போது அது ஆபத்து. நடுக்குழிகள் முதலில் வெடித்துப் பறக்கவிடும் கல் அந்தக் கயிற்றை அறுத்துவிட்டால், வெடிக்காத மருந்து சுவரில் நிற்கும். அதைக் கண்டுபிடித்து எடுப்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. பெரிய சுரங்கத்தில் முதலில் நடுவில் சின்னதாக ஒரு பைலட் சுரங்கம் ஓட்டிவிட்டு, சுற்றியிருப்பதைத் தனி வெடியாக உரிப்பதுண்டு. அந்தத் தனி வெடியில் கயிறு தாராளமாகப் பயன்படும். செலவும் குறைவு.

ஒரே தடவை முகப்பு என்றால் எலெக்ட்ரானிக் கேப்தான் நல்ல தீர்வு. ஒவ்வொரு கேப்புக்கும் ஒரு மில்லிசெகண்ட் நுணுக்கத்தில் நேரம் எழுதலாம். நோனெல்லைவிடப் பல மடங்கு விலை. இந்தியாவில் 2025 ஏப்ரல் 1 முதல் பழைய மின் கேப்புகளுக்குத் தடை வந்துவிட்டதால் தேர்வு நோனெல்லுக்கும் எலெக்ட்ரானிக்குக்கும் நடுவில்தான். எல்லாக் குழிக்கும் வாங்க முடியாவிட்டால் வெளிவரிசைக்கு மட்டுமாவது வாங்கலாமா என்று கேட்பார்கள். அந்தக் கலப்பை மருந்துக் கம்பெனி எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டுமே செய்யுங்கள். இரண்டு வகையையும் தன் இஷ்டத்துக்கு ஒரே முகப்பில் கலப்பது யாரும் எடுக்கக்கூடாத முடிவு.

சரி, எலெக்ட்ரானிக் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு நீர்மின் சுரங்கத்தில் ஓவர்பிரேக் அளவுக்கு மீறிப் போய்க்கொண்டிருந்தது. வாரக் கூட்டத்தில் எல்லாரும் கேப்பைக் குற்றம் சொன்னோம், நானும் சேர்த்து. எலெக்ட்ரானிக் வந்தது. மூன்று வாரம் ஆயிற்று, அளவெடுப்பில் பெரிய மாற்றமே இல்லை. அப்போது வயதில் மூத்த ஃபோர்மேன் ஒருவர் என்னைக் கூப்பிட்டுப் போய், மருந்து ஏற்றும் மூங்கில் கம்புகளை வரிசையாகப் பத்துக் குழியில் செருகிக் காட்டினார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்புகள் ஒரே திசையைப் பார்க்கவில்லை. ஒன்று மேலே, ஒன்று பக்கவாட்டில், இரண்டு கம்பு ஒன்றை ஒன்று நோக்கிச் சாய்ந்துகொண்டு. குழியின் வாய் சரியான இடத்தில் இருந்தது; அடி எங்கெங்கோ போயிருந்தது. அன்றைக்கு எனக்குப் பேச வாய் வரவில்லை. அதற்கடுத்த வாரம் முகப்பில் சர்வே ஆள் ஒவ்வொரு குழிக்கும் பெயின்ட் புள்ளி வைத்தார், ஆபரேட்டருக்குத் திசை காட்ட பின்சுவரில் கோடு போட்டோம், ஒவ்வொரு வெடிக்கும் அரை மணி நேரம் கூடியது. சுவரில் அரைத்தடம் திரும்ப வந்தது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. துளைக்கும் எந்திரத்தின் கை தடிமனானது. சுவரை ஒட்டிக் குழியை இணையாகப் போட அதனால் முடியாது. கொஞ்சம் வெளியே சாய்த்துத்தான் துளைக்க வேண்டும். 10 செ.மீ., அதோடு மீட்டருக்கு 3 செ.மீ. என்பது பழக்கமான கணக்கு. நம் 3.3 மீட்டர் குழியின் அடி கோட்டிலிருந்து 20 செ.மீ. வெளியே நிற்கும். ஆக எவ்வளவு சிறப்பாக வெடித்தாலும் சராசரி 10 செ.மீ. ஓவர்பிரேக் கணக்கிலேயே இருக்கிறது, ரம்பப்பல் வடிவத்தில். பூஜ்ய ஓவர்பிரேக் என்று டெண்டரில் எழுதுபவர்கள் ஜம்போவைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கமாட்டார்கள்.

இன்னொரு இடத்திலும் பலர் கோட்டைவிடுகிறார்கள். வெளிவரிசைக்கு மீட்டருக்கு 180 கிராம் என்று தராசு வைத்து அளந்துவிட்டு, அதற்கு உள்ளே முக்கால் மீட்டரில் இருக்கும் அடுத்த வரிசையில் குழி நிறைய மருந்தைக் கொட்டுவார்கள். அந்தக் குழியின் சேதம் ஒரு மீட்டருக்கு மேல் ஓடும், வெளிவரிசை வெடிக்கும் முன்பே சுவரைக் கெடுத்துவிடும். மெல்ல உரிக்க அப்புறம் என்ன இருக்கிறது? அந்த இரண்டாவது வரிசையிலும் மருந்தைப் பாதியாவது குறைக்க வேண்டும். செலவில்லாத திருத்தம் இது.

வெடியே இல்லாமல்?

ஸ்வீடனின் ஏஸ்போ ஆய்வுச் சுரங்கத்தில் 1990-களில் ஒரே பாறையில், ஒரே ஆழத்தில், பக்கத்துப் பக்கத்தில் மெஷினாலும் வெடியாலும் தோண்டி ஒப்பிட்டார்கள். மெஷின் தோண்டிய சுவரில் சேதம் 3 செ.மீ. அளவில் நின்றது. கவனமாக வெடித்த சுவரிலும் கூரையிலும் 30 செ.மீ. அளவு. தரையில் 80 செ.மீ. தரைக் குழிகளில்தான் மருந்து பலமாக வைக்கிறோம், தண்ணீரும் அங்கேதான் நிற்கிறது. அணுக்கழிவைப் புதைக்க இடம் தேடுபவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரியது. தண்ணீர்ச் சுரங்கத்துக்கும் ஓரளவு முக்கியம். உள்ளே கான்கிரீட் லைனிங் போடும் சாலைச் சுரங்கத்துக்கு 30 செ.மீ. சேதம் பாறையில் செருகும் ராக் போல்ட்டோடு அடங்கிவிடும்.

கனடாவின் மனிடோபாவில் நடந்த சோதனை இன்னும் கண்ணைத் திறக்கும். 420 மீட்டர் ஆழத்தில், கெட்டிக் கிரானைட்டில், 3.5 மீட்டர் விட்டத்தில் வட்டச் சுரங்கம். சுற்றிலும் நெருக்கமாகக் குழி துளைத்து, உள்பாறையை எந்திரத்தால் பிளந்து எடுத்தார்கள். ஒரு கிராம் மருந்துகூடத் தொடவில்லை. அப்படியும் கூரையிலும் தரையிலும் பாறை தகடு தகடாக உரிந்து ஆங்கில ‘வி’ எழுத்துபோல் பள்ளம் விழுந்தது. காரணம் மலையின் அழுத்தம்தான். அழுத்தம் அதிகமான இடத்தில் ஓவர்பிரேக்குக்கு வெடிகாரரைத் திட்டிப் பயனில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அதேபோல் மறுமுனை. ஹிமாச்சலத்தில் 2020 அக்டோபர் 3 அன்று திறந்த 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கமும் துளைத்து வெடித்துத் தோண்டியதுதான். ஆனால் சேரி நாலா பகுதியில் நொறுங்கிய பாறையும் நீரும் சேர்ந்து பல ஆண்டுகளை விழுங்கின. அப்படிப்பட்ட இடத்தில் அரைத்தடத்தைத் தேடக்கூடாது. கூரைக்கு முன்னால் குழாய்களை அடித்துப் பிடித்துக்கொண்டு, அரை மீட்டர், ஒரு மீட்டராக எக்ஸ்கவேட்டரால் அள்ளி உடனே ஷாட்கிரீட் அடிக்க வேண்டும். வெடிமுறையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே அங்கே இல்லை.

மேலே வீடு இருந்தால்

பொதுமக்களும் பத்திரிகைகளும் ‘கட்டுப்படுத்திய வெடி’ என்று சொல்லும்போது நினைப்பது அதிர்வை. சுவரைக் காப்பாற்றும் வெடியும் அதிர்வைக் குறைக்கும் வெடியும் ஒன்றல்ல. சில நேரம் நேர் எதிர். நம் கணக்கையே பாருங்கள். வெளிவரிசைக் குழிக்கு 700 கிராம் என்றால் 34 குழியும் ஒரே நொடியில் வெடிக்கும்போது ஏறக்குறைய 24 கிலோ. முகப்பின் வேறு தாமதங்களில் பொதுவாக அவ்வளவு மருந்து சேர்ந்து வெடிக்காது. சுவருக்கு நல்லது, மேலே இருக்கும் வீட்டுக்குக் கெடுதல்.

சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997 சுற்றறிக்கையைத்தான் நம் நாட்டில் எல்லாரும் அளவுகோலாக வைக்கிறார்கள். சாதாரண வீடுகளுக்கு அதிர்வெண் 8 ஹெர்ட்சுக்குக் கீழே என்றால் விநாடிக்கு 5 மி.மீ., 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15. சுரங்கம் வீடுகளுக்கு அடியில் போகும் பகுதியில் வெளிவரிசையை ஆறு ஆறு குழியாகப் பிரித்து, கூட்டத்துக்குக் கூட்டம் சில பத்து மில்லிசெகண்ட் தள்ளி வெடிக்கலாம். ஆறு குழிக்கு 4 கிலோதான். கூட்டத்துக்குள் விரிசல் ஓடும், கூட்டங்கள் சேரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் முரடு தட்டும். இதைச் செய்ய எலெக்ட்ரானிக் கேப் வேண்டும். அதன் விலைக்கு என் பார்வையில் முழு நியாயம் கிடைக்கும் இடம் இதுதான். 3 மீட்டர் முன்னேற்றத்தை ஒன்றரையாகக் குறைப்பதும் உதவும். லைன் டிரில்லிங் செய்தால் அதிர்வு நின்றுவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். காலிக் குழிவரிசை விரிசலைத் தடுக்கும். அதிர்வலை அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

இனி நம் பத்து மீட்டர் சுரங்கத்துக்கு நான் எழுதிக்கொடுப்பது இப்படித்தான் இருக்கும். வாசல் வெட்டுக்கு பிரீ-ஸ்பிளிட். உள்ளே முதல் இருபது முப்பது மீட்டர் தளர்ந்த பாறையில் அரை முன்னேற்றம், இடைவெளி 45 செ.மீ., ஒன்று விட்டு ஒரு குழி காலி. கெட்டிப் பாறை வந்ததும் 60 செ.மீ. இடைவெளியில் ஸ்மூத் பிளாஸ்டிங், பிளாச்சில் கட்டிய தோட்டா, இரண்டாவது வரிசையில் பாதி மருந்து, நோனெல். வீடுகள் 100 மீட்டருக்குள் வரும் பகுதிக்கு எலெக்ட்ரானிக். குறுக்குச் சுரங்கம் பிரியும் மூலைகளில் மட்டும் லைன் டிரில்லிங். மிச்சமாகும் பணத்தில் முகப்புக்கு ஒரு சர்வே ஆள், ஷிப்டுக்கு ஒருவர் நிரந்தரமாக.

முதல் பத்து வெடிக்கு ஒவ்வொன்றையும் ஸ்கேலிங் (தொங்கும் கல்லைத் தட்டி விழவைப்பது) முடிந்து பத்திரமானதும் போய்ப் பாருங்கள். அரைத்தடம் வாயருகே நன்றாக இருந்து அடியில் காணாமல் போனால், அடியில் வைத்த இரண்டு தோட்டாவில் ஒன்றை எடுத்துவிடுங்கள். இரண்டு தடங்களுக்கு நடுவில் பாறை துருத்திக்கொண்டு நின்றால் இடைவெளி அதிகம், அல்லது பக்கத்துக் குழிகள் சேர்ந்து வெடிக்கவில்லை. வலப்பக்கம் நன்றாகவும் இடப்பக்கம் மோசமாகவும் இருந்தால், மருந்தைத் தொடாதீர்கள். ஜியாலஜிஸ்ட்டை அழைத்துவந்து ஜாயின்ட் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேளுங்கள். தடமே இல்லாமல் தட்டினால் தொப்பென்று கேட்டால், அடுத்த முகப்பில் மருந்து ஏற்றும் முன் பத்துக் குழியில் மூங்கில் கம்பைச் செருகிப் பாருங்கள்.